இல்லை என்று எழுதிக் கொடுங்கள்

மார்ச் 4

தம்பிக்கு,

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். ஆனால் கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தையே பிரித்துப் படித்து உதை வாங்கினவன் நீ.

போன திங்கட்கிழமை உன் மாமாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு உன் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றேன். நாலு மணி நேரம் பஸ், இரண்டு மணி நேரம் வரிசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ இருந்தாய். காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஜனவரியோட முடிஞ்சுபோச்சு. புது அட்டை கொண்டு வாங்க. அடுத்தது யாரு?" என்றாய். அக்கா என்று கூப்பிடவில்லை. சரி, வேலை அப்படி. ஆனால் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அந்த வேலைக்கு நீ பரீட்சை எழுத வேண்டும் என்பதற்காகச் சாயத்தொட்டியில் இரண்டு ஷிப்டு நின்ற மனுஷன் அவர்.

சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள், அதனால் அட்டை கிடையாது என்கிறார்கள். பட்டறை மூடின விஷயம் சிறுநீரகத்துக்குத் தெரியுமா? வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். இங்கே ஒரு டிரஸ்ட்டில் இரண்டே மெஷின்கள். குலுக்கிப் போட்டுக் கூப்பிடுகிறார்கள். எட்டு நாளைக்கு ஒரு முறை, சில சமயம் பத்து நாளைக்கு ஒரு முறை அவர் பெயர் வருகிறது. இப்படியே போனால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் சிகிச்சை வேண்டும் என்று கேட்கிறோம். பகலில் காலர் தைக்கிறேன், சாயங்காலம் செயலாளர். மே இருபதாம் தேதி சுகாதார ஆணையம் இங்கே விசாரணைக்கு வருகிறது. மனு கொடுக்கப் போனபோது அங்கிருந்த அதிகாரி சிரித்தார். "யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி சுவத்துலயே எழுதியிருக்கும்மா. அனுப்பினாங்கங்கறதுக்கு ஆதாரம் எங்க?" என்றார்.

அதனால் குழுவில் இரண்டு முடிவு எடுத்தோம். நோயாளி யாரையும் தனியாகக் கவுண்டருக்கு அனுப்புவதில்லை, ஒரு துணை கூடவே நிற்கும். சிகிச்சை இல்லை என்று சொன்னால், அதை எழுத்தில், முத்திரையோடு வாங்காமல் நகர்வதில்லை. இதுவரை ஒன்பது மறுப்புச் சீட்டுகள் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் சின்னச் சின்ன கிளினிக்குகள் கொடுத்தவை. பன்னிரண்டு மெஷின் வைத்திருக்கும் உன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றுகூட இல்லை.

முத்திரை உன் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வாய் விட்டுக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

நாற்பது பேர் பார்க்க, "இவன் என் கூடப் பிறந்தவன்தான்" என்று வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாய். அதை உன் கடிதத்தில் காணோம். அன்றைக்கு முழுக்க வந்தவர் போனவர் எல்லாம் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று கேட்கிறாய். பார்த்திருந்தால் சீட்டுப் போட்டிருப்பேன். அட்டை எண் இல்லாமல் போட்ட சீட்டு மதியத்துக்குள் சூப்பிரண்டு மேஜைக்குப் போய்விடும். பக்கத்துக் கவுண்டர் அம்மா அப்படி ஒன்று போட்டு, இப்போது மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று ஜனங்கள் எங்களைத்தான் திட்டுகிறார்கள். இங்கே சாமியே வரம் கொடுக்கவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுப்பை எழுதக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் வாய் உத்தரவுதான். "இல்லைன்னு சொல்லாதீங்க, அட்டை கொண்டு வாங்கன்னு சொல்லுங்க" என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

நீ என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்திருக்கும் இந்த நேரத்தில் நான் வேறு ஒரு காரியம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் பேசினேன். நல்ல மனுஷன். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணி ஷிப்டில் வர வேண்டியவர்களில் ஒருவராவது வருவதில்லை, அந்த மெஷின் சும்மா கிடக்கிறது. பின்பக்கம் துணி துவைக்கும் கூடம் இருக்கிறதே, அதன் வழியாக மாமாவைக் கூட்டி வந்தால் படுக்க வைத்துவிடுவார். வாரம் இரண்டு முறை. டாக்டர் சொன்ன அதே கணக்கு. ஏப்ரல் கடைசி வரைக்கும் அவர் அந்த ஷிப்டில்தான் இருப்பார்.

சொந்த வீடு எரியும்போது தெருவுக்குத் தண்ணீர் ஊற்றியது போதும். கூட்டி வா.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நீ எங்களுக்காக ஒருவரிடம் போய்க் கெஞ்சியிருக்கிறாய். அதைப் படித்து அழுதேன். ஆனால் வர முடியாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கள் குழுவில் ஒருத்தர், கொழுந்தன் வார்டு பாயாக இருக்கிறான் என்று அம்மாவைப் பின்வாசல் வழியாகச் சேர்த்தார். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர், ஆஸ்பத்திரியில் தெரிந்த ஆள் யார் என்று தேடப் போனார்கள். தெரிந்த ஆள் இல்லாதவர்கள் மட்டும் கடைசியில் மிச்சம். அன்றைக்கு எங்கள் தலைவர், கத்திக்குச் சாணை பிடிக்கிறவர், எழுந்து சொன்னார்: "பின்வாசல்ல பத்துப் பேர் போனா முன்வாசல் என்னைக்கும் திறக்காது." பின்வாசல் கூடாது என்று அன்றைக்கே தீர்மானம் போட்டோம். அதில் முதல் கையெழுத்து என்னுடையது. இப்போது நான் என் புருஷனைக் கூட்டிக்கொண்டு துணி துவைக்கும் கூடத்துக்குள் நுழைந்தால், அடுத்த கூட்டத்தில் எந்த முகத்தோடு உட்காருவேன்?

மாமாவுக்கும் இதில் விருப்பம் இல்லை. டிரஸ்ட் குலுக்கலில் நேற்று பெயர் வந்தது. தெம்பாகத்தான் இருக்கிறார். சீட்டுகள் இருபத்திரண்டு ஆகிவிட்டன.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

மாமாவுக்கு விருப்பம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அவர் அப்படிச் சொல்ல மாட்டார். "சொர்க்கத்துக்குக் கூடப் பின்வாசல் இருந்தா அதுல போறதுதான் சுருக்குவழி" என்று சொல்கிற ஆள் அவர். அவரிடம் கேட்டாயா இல்லையா? ஒரே வரியில் பதில் எழுது.

இத்துடன் நாலு சீட்டு வைத்திருக்கிறேன். இந்த வாரம் நான் திருப்பி அனுப்பியவர்களில் நாலு பேருக்கு எழுதிக் கொடுத்தேன். "காப்பீட்டு அட்டை இல்லாததால் பதிவு செய்யப்படவில்லை." முத்திரை, தேதி, என் கையெழுத்து. அவர்கள் உன் தெரு ஆட்கள் இல்லை, உன் பெயரைச் சொல்லி உன்னிடம் சேர்க்கச் சொன்னார்கள். நீ கேட்டதை நான் செய்துவிட்டேன். நான் கேட்டதை நீ செய்.

ஏப்ரலுக்குப் பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. தலைக்கு மேல் வெள்ளம் வந்தபிறகு தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதே.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

ஒரே வரியில் எழுதச் சொன்னாய். கேட்கவில்லை. நான் பொய் எழுதினேன்.

அவர் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. குலுக்கலில் பதின்மூன்று நாளாகப் பெயர் வரவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறார். நேற்று சட்டைப் பொத்தான் தைக்க ஊசி தேடியவர், என் தையல் டப்பாவில் உன் கடிதங்களைப் பார்த்துவிட்டார். நான் வேலையிலிருந்து வந்தபோது இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா தெரியும்?"

"ஒரு மாசமா."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கடிதங்களை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "தீர்மானத்துல நான் கையெழுத்துப் போடலையேம்மா," என்றார். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் அவர் என்னை அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை. யாரோ முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுவது போல இருந்தது.

தலைவரிடம் போய் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சாணைக்கல்லை நிறுத்திவிட்டுக் கேட்டார். "போய்ட்டு வாம்மா. உயிரை வச்சுத்தான் போராட்டம். நாங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்," என்றார். கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை, பதினெட்டாம் தேதி, முதல் பஸ்ஸுக்கு முன்னாலேயே லாரி ஒன்றில் ஏறி ஆறு மணிக்குள் வந்துவிடுவோம். நீ வாசலில் நில்.

அக்கா


ஏப்ரல் 19

தம்பிக்கு,

ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போட உனக்கு என்ன கேடு?

நான் செய்ததை நானே எழுதிவிடுகிறேன், நீ எழுத வேண்டாம். துணி துவைக்கும் கூடத்து வாசலில் அவரை உன்னிடம் ஒப்படைத்தேன். அப்போது முன்பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் தெருவில் பழைய பேப்பர் எடுக்கிற அம்மா. காலில் சர்க்கரைப் புண். முந்தின நாள் ராத்திரி பஸ்ஸிலேயே வந்து வராந்தாவில் படுத்திருந்திருக்கிறாள்; துணைக்கு வர வேண்டியவள் அந்த பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள். இந்த அம்மா தனியாகக் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, எழுதிக் கொடுக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். அப்படி உட்காரச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். செக்யூரிட்டி தோளைப் பிடித்து இழுக்கிறான். நான் எப்படிப் போகாமல் இருப்பேன்? ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நீ பின்வாசலில் நின்றதால் கவுண்டரில் சூப்பிரண்டே உட்கார்ந்திருந்தார். முதலில் கத்தினார், பிறகு கூட்டம் சேர்வதைப் பார்த்து இறங்கி வந்தார். "சரி, இந்த அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போங்க, புண்ணுக்குக் கட்டுப் போட்டு விடுறேன்," என்றார். தம்பி, நான் அப்போதே வாயை மூடிக்கொண்டு நகர்ந்திருக்க வேண்டும். "முதல்ல மறுத்தீங்கல்ல, அதை எழுதிக் குடுங்க" என்றேன். பழக்கதோஷம். எழுத மாட்டேன் என்றார். எழுதாமல் போக மாட்டேன் என்றேன். அரை மணி நேரம்.

நான் திரும்பி வந்தபோது உன் மாமா அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். உடன் வந்தவர் கையெழுத்து இல்லாமல் மெஷினில் படுக்கவைக்க முடியாது என்று டெக்னீஷியன் சொன்னாராம். நீ பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாயாம். அப்படித்தான் அவர் சொன்னார், குற்றமாகக் கூடச் சொல்லவில்லை. "பேனா மூடியைத் திறந்தான், மூடினான், திறந்தான், மூடினான். பாவம்," என்றார்.

என் பின்னாலேயே செக்யூரிட்டியும் சூப்பிரண்டும் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்வாசலைக் காட்டிக் கொடுத்ததும் நான்தான்.

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. அதற்கு முன்பே பதிலைச் செய்து முடித்துவிட்டேன்.

என் கையெழுத்து இந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு சீட்டிலும் இருக்கிறது. எல்லாருக்கும் அது அத்துப்படி. டயாலிசிஸ் பதிவேட்டில், பின்வாசல் வழியாக வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் அது கிடந்தால் அன்றே வேலை போகும் என்று பயந்தேன். வேறு பெயரைக் கிறுக்கியிருக்கலாம். உன் பெயரை எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருக்கலாம். அது எல்லாம் நீங்கள் போன பிறகுதான் தோன்றியது. டெக்னீஷியனைச் சனிக்கிழமையே வேறு ஊருக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள். பதிவேட்டில் என் கையெழுத்து இல்லாததால் என் மேல் ஆதாரம் இல்லை; அவருக்கு இடம் போய்விட்டது, எனக்கு வேலை போகவில்லை. அந்தச் சோற்றை எப்படித் தின்பேன்?

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கவுண்டரைத் திறந்தேன். அட்டை இல்லாமல் வந்த ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானே கொடுத்தேன். "தற்சமயம்", "இயலவில்லை" என்றெல்லாம் பூசி மெழுகவில்லை. "சிகிச்சை மறுக்கப்பட்டது. காரணம்: அட்டை இல்லை." சூப்பிரண்டு வந்து முத்திரையைப் பிடுங்கும்வரை நாற்பத்தொரு பேர். மறுநாள் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. அவர்கள் மட்டும் எனக்கு உடனே எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொன்றையும் இரண்டு பிரதியாக எழுதினேன்; என்னிடம் உள்ள நாற்பத்தொரு பிரதிகளையும் இந்தக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன். அவற்றோடு மாமா பெயரிலும் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை தேதி போட்டிருக்கிறேன். அவரை மறுத்தது நான்தான் என்பதால் நானே எழுதினேன்.

மாமாவுக்காக டிரஸ்ட்டில் தினமும் போய் நச்சரி. மானம் பார்க்காதே.

தம்பி


மே 22

தம்பிக்கு,

விசாரணை முடிந்தது. நீ வருவாய் என்று கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட ஹால் கொள்ளாத கூட்டம். நூற்றுப் பதினேழு சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தோம். உன் சீட்டுகளைப் படிக்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரி வக்கீல் எழுந்து, பணிநீக்கம் ஆனவன் கோபத்தில் எழுதினது என்றார். தலைமை உறுப்பினர் அம்மா தேதிகளைப் பார்த்தார். "இதெல்லாம் எழுதினதுக்கு அப்புறம்தானே நீக்கினீங்க?" என்று கேட்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஹால் முழுக்கக் கைதட்டல்.

மாமா வந்தே தீருவேன் என்றார். முகம் உப்பியிருந்தது. அவரிடம் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே, "எதைச் சொல்றதா இருந்தாலும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கம்மா. என்னால ரொம்ப நேரம் உக்கார முடியாது," என்றார். சில பேர் சிரித்துவிட்டார்கள். தலைமை உறுப்பினர் சிரிக்கவில்லை.

ஐந்து வாரத்தில் உத்தரவு வரும் என்றார்கள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து வாரம் அவருக்கு ரொம்ப தூரம்.

உன் மேல் அவருக்கு வருத்தம் இல்லை. என் மேலும் இல்லை என்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கோபப்பட்டால் இன்னும் கொஞ்ச நாள் இருப்பார் என்று தோன்றுகிறது.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

வந்தேன். நீ கேட்டபோது வராமல், தூக்கிக்கொண்டு போகும்போது வந்தேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பந்தல் கால் ஓரமாகவே நின்றுவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

சாணை பிடிக்கிறவர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க சீட்டுதான் தம்பி பலமா நின்னுச்சு," என்றார். சீட்டு நின்றது. நான் நிற்கவில்லை.

இங்கே லாரி ஆபீஸ் ஒன்றில் பார்சல் எழுதுகிறேன். வருகிறவர்களிடம் எதையும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அது ஒன்றுதான் நிம்மதி. நீ திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. நீ பேனாவைத் திறந்து மூடினாய். நான் ஒரு மாதம் அவருக்கான வழியைத் தையல் டப்பாவுக்குள் மூடி வைத்தேன். யார் குற்றம் பெரிது என்று நாம் இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தால் அவர் சிரிப்பார்.

உத்தரவு வந்துவிட்டது. ஜூலை முதல் தேதியிலிருந்து உன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கும் அவசர சிகிச்சைக்கும் அட்டை கேட்கக் கூடாது. இந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு, இந்த இரண்டு சிகிச்சைக்கு மட்டும். மற்றதற்கு இன்னும் போராட வேண்டும். அவர் போய் இருபது நாள் ஆகிறது. தெருவில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள்.

நேற்று முதல் நாள். சாயப்பட்டறையில் அவரோடு தொட்டி கலக்கியவர் ஒருத்தர், அவருக்கும் இதே வியாதி. துணைக்கு யார் போவது என்று கூட்டத்தில் கேட்டார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் போகிறேன் என்றேன்.

கையில் வெற்றுத் தாளும் பேனாவும் கொண்டுபோனேன், ஒருவேளை எழுதி வாங்க வேண்டியிருந்தால் என்று. உன் இடத்தில் ஒரு புதுப் பையன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அட்டை எங்கே என்று கேட்கவில்லை. நான் சண்டைக்குத் தயாராக நிற்கிறேன், அவன் சண்டைக்கே வரவில்லை. நிமிர்ந்து பார்த்து, "நோயாளி பேர் சொல்லுங்கம்மா," என்றான்.

நான் உன் மாமா பெயரைச் சொன்னேன்.

வாய் தவறிச் சொன்னதா என்று எனக்கே தெரியவில்லை. கேட்ட உடனே அதுதான் வந்தது. அவன் எழுதினான், வயது கேட்டான், அதற்கும் சொன்னேன். முத்திரை குத்திச் சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினான். "உள்ள போங்க, நேரா போய் இடது பக்கம். பன்னிரண்டாவது மெஷின் காலியா இருக்கு," என்றான்.

சாயப்பட்டறைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் சீட்டைத் திரும்பத் தள்ளி, பெயரை மாற்றி எழுதச் சொன்னேன். "ஏம்மா, இவர் வரலையா?" என்று கேட்டான்.

வரவில்லை என்றேன்.

அக்கா